பத்தாங் பெர்ஜுந்தை நூலக வரலாறு: எங்கே தொடங்குவது, எதை முதலில் படம் எடுப்பது?

செம்பனைச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையின் நூலக வரலாற்றைச் சிறு தொகுப்பாகக் கொண்டு வரப் பார்க்கிறோம். 2007இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆனாலும், தேடுவதற்குப் பழைய பெயர்தான் உதவுகிறது என்பதால் இழைக்கும் அதையே வைத்தேன். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது.

ஒன்று, கதையை எந்த ஆண்டில் தொடங்குவது? மாநிலப் பொது நூலகம் வந்ததிலிருந்தா, அதற்கு முன் தோட்டங்களில் இருந்த வாசகசாலைகளிலிருந்தா? இரண்டு, பழைய தமிழ்ப் புத்தகங்களில் முத்திரை மேல் முத்திரையாக இருக்கிறது. தோட்டம், பள்ளி, நூலகம் என்று மூன்று பெயரும் ஒரே பக்கத்தில். எது முந்தியது? மூன்று, பழைய பத்திரிகைத் தளங்களில் ஊர்ப் பெயரைப் போட்டால் வருவதெல்லாம் ஈயப் பங்கு விலைதான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_கிராணி எழுதியது:

தம்பி, கட்டடத்திலிருந்து தொடங்கினால் திறப்பு விழாப் படத்தோடு கதை முடிந்துவிடும். புத்தகம் எந்தக் கை மாறி வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

பொது நூலகத்தின் பக்கம் ஆண்டுகள் தெளிவானவை. பினாங்கு நூலகம் 1817இல் வந்துவிட்டது. அது சந்தா கட்டுபவர்களுக்கான நூலகம். அந்தக் காலத்து மலாயா நூலகங்கள் பெரும்பாலும் அப்படித்தான்: ஆங்கிலம் படித்தவருக்கு, காசு கட்டியவருக்கு. பால்மரக் காட்டில் இருந்தவருக்கு அதில் இடமில்லை. நாடு முழுக்க எல்லாருக்கும் இலவச நூலகம் என்ற திட்டம் எழுத்தில் வந்தது 1968இல், ஹெட்விக் அனுவார் தயாரித்த பொது நூலக வளர்ச்சித் திட்ட அறிக்கையில். மாநிலத்துக்கு ஒரு நூலகக் கழகம், அதன் கீழ் கிளைகள் என்ற வடிவம் அதில்தான் இருக்கிறது. சிலாங்கூர் பொது நூலகக் கழகம் 1971. தேசிய நூலகச் சட்டம் 1972.

தோட்ட வாசகசாலை இதற்கெல்லாம் முந்தியது. கோயில் மண்டபத்தின் ஓரம், தமிழ்ப் பள்ளியின் ஓர் அறை, பிறகு தொழிற்சங்கக் கிளையின் அலமாரி. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் அமைந்ததால், அந்தச் சங்கத்தின் கிளை முத்திரையை அந்த ஆண்டுக்கு முன் குத்தியிருக்க வழியில்லை. முத்திரையை வைத்து ஆண்டு போடும்போது இப்படி ஒரு கீழ் எல்லை கிடைக்கும். மணிமன்ற (தமிழ் இளைஞர் மன்றம்) முத்திரை என்றால் 1950களிலோ அதற்குப் பிறகோ குத்தியது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: இரண்டு தொடக்கம் வையுங்கள். ஒன்றை மற்றதற்கு முன்னுரையாக ஆக்கிவிடாதீர்கள். மாநில நூலகம் வந்ததால் வாசகசாலை மூடவில்லை. தோட்டம் கைமாறியது, கித்தாவை (ரப்பர் மரத்தை) வெட்டிச் செம்பனை நட்டார்கள், ஆள் தேவை குறைந்தது, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியானது, வாசகசாலையும் போனது. காரணம் வேறு, காலமும் வேறு.

---

அட்டவணைக்காரி எழுதியது:

கிராணி ஐயா சொன்னது சரி. ஆனால் முத்திரைக்கு முன் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். வந்த ஒவ்வொரு புத்தகத்தையும் வரிசை எண் போட்டு எழுதி வைக்கும் நோட்டு அது, எந்த நூலகத்துக்கும் முதல் ஆவணம் அதுதான். தடித்த அட்டை போட்ட நீள நோட்டு, கையெழுத்தில் இருக்கும். கணினி வந்த பிறகு பல இடங்களில் அதை ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். நூலகரிடம் மலாயில் "புக்கு பெரோலேஹான்" என்று கேட்டால் புரியும்.

ஒரு வரியில் சேர்க்கை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், விலை, வந்த வழி, குறிப்பு என்று பத்திகள் இருக்கும். வரலாறு கடைசி இரண்டில்தான் கிடக்கிறது. வந்த வழியில் "பெலி" என்றால் வாங்கியது, "ஹடியா" என்றால் அன்பளிப்பு. குறிப்பில் "ஹிலாங்" தொலைந்தது, "லுபுஸ்" கழித்தது.

படிக்கும் முறை இது. தலைப்புகளை விட்டுவிட்டு முதலில் தேதிப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். ஒரே தேதியில், ஒரே கையெழுத்தில், அறுபது எழுபது எண்கள் தொடர்ந்து "ஹடியா" என்று வந்தால் அது தனி ஆள் கொடுத்தது அல்ல, ஏதோ ஒரு வாசகசாலையோ மன்றமோ மூடப்பட்டு அலமாரியோடு வந்தது. அந்த எண்களைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். மிஞ்சியிருக்கும் இரண்டு புத்தகத்தில் எந்தத் தோட்டத்து முத்திரை என்று பாருங்கள். வாசகசாலை எப்போது கலைந்தது என்பதற்கு இதைவிட நல்ல தேதி உங்களுக்குக் கிடைக்காது. அதே எண்களுக்கு எதிரே சில மாதத்தில் "லுபுஸ்" என்று வரிசையாக இருந்தால், வந்த சரக்கு கரையான் அரித்தது அல்லது ஏற்கெனவே இருந்த நூல்களின் இரட்டைப் படி என்று கொள்ளலாம்.

விலைப் பத்தியில் ஒரு பொறி இருக்கிறது. புத்தகத்தின் பின்னட்டையில் இந்திய ரூபாய், பதிவேட்டில் ரிங்கிட். பதிவேட்டில் இருப்பது விநியோகிப்பவர் போட்ட விலை. இரண்டையும் குழப்பி "அன்றைய நூல் விலை" என்று எழுதிவிடாதீர்கள்.

இனி முத்திரை. மேலே இருப்பது பிந்தியது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் காலியிடம் எங்கே இருந்ததோ அங்கேதான் குத்தியிருப்பார்கள். ரத்து செய்த முத்திரையைத் தேடுங்கள். குறுக்குக் கோடு அல்லது "பத்தால்" (ரத்து) என்ற சொல் எந்த முத்திரை மேல் இருக்கிறதோ அந்த நிறுவனம் முந்தையது. இன்னொன்று ரகசியப் பக்கம். பல நூலகங்கள் தலைப்புப் பக்கத்தோடு உள்ளே ஏதாவது ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்தும். எல்லாப் புத்தகத்திலும் அதே பக்க எண். நாலைந்து புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் அந்த எண் பிடிபடும். தலைப்புப் பக்கம் கிழிந்து மறுகட்டு போட்ட புத்தகத்துக்கும் பழைய சொந்தக்காரர் யார் என்று இது காட்டிக் கொடுக்கும்.

---

ஈயக்கப்பல் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு. பெர்ஜுந்தை என்று போட்டால் ஈய விலை வராமல் என்ன வரும்? பெர்ஜுந்தை தின் டிரெட்ஜிங் என்ற கம்பெனி பல பத்தாண்டுகள் பங்குச் சந்தைப் பட்டியலில் தினமும் அச்சான பெயர். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தேடும்போது ஊர்ப் பெயரைத் தனியாகப் போடாதீர்கள். "பத்தாங்" சேர்த்து மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே ஆங்கிலத்தில் ரீடிங் ரூம், லைப்ரரி, தமிழ் ஸ்கூல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். முடிவுகளில் கட்டுரை வகை மட்டும் வைத்து விளம்பரத்தை நீக்குங்கள்.

பிறகு தோட்டப் பெயரால் தேடுங்கள். அந்தக் காலத்தில் சுங்கை என்பதை ஆங்கிலத்தில் கடைசியில் 'இஐ' போட்டும் எழுதினார்கள், 'ஏஐ' போட்டும் எழுதினார்கள், இரண்டையும் தேட வேண்டும். தென்னமரம் தோட்டம் 'எம்' எழுத்தில் முடிந்தும் இருக்கும், 'என்' எழுத்தில் முடிந்தும் இருக்கும். (1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்டது அங்கேதான். போட்ட ஆன்ரி ஃபோகொன்னியே 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கிய நாவலாசிரியர். துரை எழுதியதற்குப் பரிசு கிடைத்தது, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்குக்கு) நின்ற தொழிலாளி என்ன படித்தார் என்பதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.)

தமிழ்ப் பத்திரிகை வேறு கதை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் அதே தளத்தில் உண்டு. ஆனால் தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தேடுவதை நம்ப வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, ணை, னை எல்லாம் துதிக்கை போட்ட எழுத்து. றா, ணா, னா சுழித்த எழுத்து. எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அதை வேறு ஏதோவாகப் படித்து வைக்கும். "வாசகசாலை" என்ற சொல்லிலேயே ஒரு லை இருக்கிறது, போதாதா? அதனால் தேதி வைத்துப் புரட்டுங்கள். கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிய பிறகு ஜனவரி இதழ்களில் தோட்ட மன்றங்களின் நிகழ்ச்சிச் செய்தி குவியும். 1952 முதல் 1965 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பிப்ரவரி மட்டும் பார்த்தாலே பாதி வேலை முடியும். 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனையும் விடாதீர்கள், அதைத் தாளில்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

---

பழைய_கிராணி எழுதியது:

பத்திரிகையோடு நிற்காமல் அர்கிப் நெகாராவுக்கும் (தேசிய ஆவணக் காப்பகம்) போங்கள். 1957இல் பொதுப் பதிவு அலுவலகமாகத் தொடங்கியது. சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே உண்டு. கோப்பு எண் சாய்கோடு ஆண்டு என்ற வடிவில் குறிப்பு இருக்கும், அதை முழுதாக எழுதிக்கொள்ளாவிட்டால் மறுமுறை எடுக்க முடியாது.

ஒரு விஷயம் கவனியுங்கள். 1974 பிப்ரவரி 1இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தது. அதற்கு முன் மாநிலத்தின் தலைநகரம் அதுதான். ஆகவே 1970களின் தொடக்கத்துக் கடிதங்கள் கோலாலம்பூர் முகவரியில் இருக்கும், பிந்தியவை ஷா ஆலாமில். நிறுவனம் மாறிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம், இடம்தான் மாறியது.

---

செம்பனைச்சாலை எழுதியது:

அக்கா, ஐயா, ஈயக்கப்பல் அண்ணே, நன்றி. இனி நடைமுறைக் கேள்வி. சில புத்தகங்களில் பூஞ்சை. முத்திரை ஊதா மையில் மங்கிப்போய்ப் படிக்க முடியவில்லை. துடைத்துவிட்டுப் படம் எடுக்கலாமா? தேதித் தாள் (இரவல் தேதி முத்திரை குத்தும் தாள்) காலியாக இருக்கும் புத்தகங்களை "யாரும் படிக்காதவை" என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள் நம் பிள்ளைகள். அது சரியா?

---

தைத்த_கட்டு எழுதியது:

ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஊதா முத்திரை மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். மங்கிய முத்திரையைத் தொடாமலே படிக்கலாம். ஊதா மை பச்சை ஒளியை விழுங்கும். சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் படம் எடுத்து, கைப்பேசியில் ஸ்னாப்சீட் போன்ற செயலியில் கறுப்பு வெள்ளையாக்கிப் பச்சை வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். தாள் வெளுத்து முத்திரை கறுத்துத் தெரியும். பென்சில் எழுத்துக்கு இது உதவாது. அதற்கு டார்ச்சைத் தாளின் ஓரத்திலிருந்து படுக்கையாக அடியுங்கள், பென்சில் அழுத்திய பள்ளம் நிழல் காட்டும்.

பூஞ்சையில் இரண்டு வகை. தொட்டால் ஈரமாக, பஞ்சு போல ஒட்டினால் உயிரோடு இருக்கிறது. அதைத் துலக்கினால் வித்து அறை முழுக்கப் பரவும். முதலில் தனியாக எடுத்து வைத்து, காற்றாடி ஓடும் அறையில் காய விடுங்கள், வெயிலில் அல்ல. காய்ந்து பொடியான பிறகு முகக்கவசம், கையுறை போட்டு, வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் உங்களை விட்டு எதிர்ப்பக்கமாகத் துலக்குங்கள். புத்தக அறையில் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து போனால் திரும்பவும் வரும். நம் நாட்டில் வெளிக்காற்றே 80ஐத் தாண்டும். பகலில் குளிர்சாதனம், ராத்திரி நிறுத்தம் என்பதுதான் மிக மோசம். குளிர்ந்த அட்டை மேல் ராத்திரி ஈரக்காற்று படிந்து வியர்க்கும். அதைவிடக் குளிர்சாதனமே இல்லாமல் நாள் முழுக்கக் காற்றாடி ஓடுவது மேல். ஈரமுறிஞ்சி வைத்தால் வாளி நிரம்பியதும் தானே நின்றுவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வடிகுழாய் போடுங்கள்.

பூச்சி இருந்தால்: புத்தகத்தை பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து நன்றாக மூடி உறைபெட்டியில் வையுங்கள். கழித்தல் 20 பாகை செல்சியஸ் எட்டும் பெட்டியில் ஒரு வாரம், வீட்டுப் பெட்டி என்றால் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் தாள் மேல் நீர் கோக்கும், பூச்சிக்குத் தப்பியது பூஞ்சைக்குப் போகும். கரையானுக்கு இது மட்டும் போதாது. அலமாரி சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, கடைசித் தட்டு தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருக்க வேண்டும். சிலாங்கூர் ஆறு பக்கத்தில் ஓடும் ஊருக்கு இது வெள்ளத்துக்கும் பொருந்தும்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள். பத்து ஆண்டில் பட்டை உதிர்ந்து பசை மட்டும் மஞ்சளாக உள்ளே இறங்கிவிடும். லேமினேட் செய்வதும் அப்படியே. துருப்பிடித்த கம்பித் தையலைக் கத்தியால் நெம்பாமல், கால்கள் மடங்கியிருக்கும் பக்கத்தில் அவற்றை நிமிர்த்தி, மறுபக்கமிருந்து கம்பியை எடுத்துவிட்டு நூலால் தையுங்கள்.

---

அட்டவணைக்காரி எழுதியது:

தேதித் தாளைப் பற்றி: காலியாக இருந்தால் படிக்கவில்லை என்று சொல்லவே முடியாது. தாள் நிரம்பியதும் கிழித்துப் புதுசு ஒட்டுவார்கள். தாளுக்கு அடியில் பழைய பசைத் தழும்பு இருக்கிறதா பாருங்கள். இரவல் கணினிக்கு மாறிய பிறகு முத்திரை குத்துவதையே விட்டுவிட்ட இடங்களும் உண்டு. மேசையில் உட்கார்ந்து படித்தது எதிலும் பதியாது. பையன்கள் புரட்டிப் புரட்டி ஓரம் கறுத்த பக்கம்தான் சாட்சி. பின்னட்டை உறையில் பழைய புத்தகச் சீட்டு இருந்தால் அதை எடுக்காமல் படம் பிடியுங்கள். வாசகர் சீட்டு எண், தேதி இரண்டும் அதில் இருக்கும்.

ஒரு புத்தகத்துக்கு எடுக்க வேண்டிய படங்கள்: முன்னட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், ரகசியப் பக்கம், தேதித் தாள், உறைச் சீட்டு, பின்னட்டை உள்பக்கம். ஒவ்வொரு படத்திலும் சேர்க்கை எண் எழுதிய துண்டுத் தாளும் ஓர் அளவுகோலும் இருக்கட்டும். கோப்புப் பெயர் சேர்க்கை எண்ணிலேயே தொடங்கட்டும். தலைப்பை வைத்துப் பெயரிட்டால் ஒரு வாரத்தில் குழம்பிவிடும்.

இன்னொரு தொல்லை, கணினி அட்டவணையில் தமிழ்ப் புத்தகத்தைத் தேடுவது. பல நூலகங்கள் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துக்கு மாற்றித்தான் பதிந்திருக்கின்றன. அமெரிக்க நூலகச் சங்க முறைப்படி பதிந்திருந்தால் சிறுகதை ஆங்கில 'சி' எழுத்தில் கிடக்கும், 'எஸ்' எழுத்தில் தேடினால் கிடைக்காது. ழகரம் கீழ்க்கோடு போட்ட 'எல்'. காதில் விழுந்தபடி பதிந்த நூலகத்தில் நேர்மாறு. ஆகவே தலைப்பால் தேடிச் சலிப்பதைவிட வகுப்பெண்ணால் (நூலகம் பொருள்வாரியாகப் போடும் டூயி எண்) தேடுங்கள்: 894.811 தமிழ் இலக்கியம், அதில் 894.8111 கவிதை, 894.8113 கதை, 494.811 மொழி. இதே எண்ணைத் தேசிய நூலகத்தின் கூட்டு அட்டவணையிலும் போட்டுப் பார்க்கலாம். உள்ளூர்க் கிளைகளில் தமிழ் தெரியாத ஊழியர் எல்லாத் தமிழ்ப் புத்தகத்தையும் 894.811 என்று ஒரே எண்ணில் போட்டிருப்பதும் உண்டு. சமையல், சோதிடம்கூட அங்கே கிடக்கும்.

---

லயத்துப்_பிள்ளை எழுதியது:

ஒரு சந்தேகம். உறைச் சீட்டிலும் பழைய வாசகர் பதிவேட்டிலும் பெயர்கள் இருக்கும். யார் என்ன படித்தார்கள் என்று வெளியிட்டால் அருமையாக இருக்குமே. அவங்க பேரப்பிள்ளைகள் எல்லாம் தேடிப் பிடிச்சுப் படிப்பாங்க லா. 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடுக்குமா?

---

அட்டவணைக்காரி எழுதியது:

அந்தச் சட்டம் வணிகப் பரிமாற்றத்துக்கானது, அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வெளியிடக் கூடாது என்பதே என் கட்சி. யார் எதை இரவல் எடுத்தார் என்பதை நூலகம் வெளியே சொல்லாது, உலகம் முழுக்க இதுதான் தொழில் ஒழுக்கம். செத்தவர் என்பதால் அது தளர்ந்துவிடாது.

---

பழைய_கிராணி எழுதியது:

அம்மா, இதில் உங்களோடு முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. பெயரே வேண்டாம் என்றால் வாசகசாலையை நடத்தியவர்களும் மறைந்துபோவார்கள். செயலாளர், பொருளாளர், நூல் பொறுப்பாளர் என்று பொறுப்பில் இருந்தவர்கள் பெயர் பத்திரிகையிலேயே அச்சானது. அதைப் போடலாம், போடத்தான் வேண்டும். இரவல் எடுத்தவருக்கு எண் மட்டும். வயது, பால், எந்தத் தோட்டம் என்பது தெரிந்தால் போதும், வரலாற்றுக்கு அதற்கு மேல் தேவையில்லை. ஐந்தாறு குடும்பமே இருந்த சின்னத் தோட்டம் என்றால் அதையும் சேர்த்து விட்டுவிடுங்கள், ஊரில் உடனே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அரசாங்க நூலகத்து ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூலகர் பதவி எஸ்41, நூலக உதவியாளர் எஸ்19 என்று பழைய சம்பளத் திட்டத்தில் இருந்தது. எஸ்41 மாற்றலாகிப் போய்க்கொண்டே இருப்பார். எஸ்19தான் ஊர்க்காரர், இருபது முப்பது ஆண்டு அதே முகப்பில் நின்றவர். ஆண்டறிக்கையில் பெயர் வருவது முதலாமவருக்கு. உங்கள் பேட்டிப் பட்டியல் இரண்டாமவரிடமிருந்து தொடங்க வேண்டும். "நூலகம் எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்று முடித்துவிடுவார். தமிழ்ப் புத்தகத்தை யார் தேர்ந்தெடுத்தது, கடையிலிருந்து பட்டியல் வந்ததா, ஆண்டுக்கு எத்தனை முறை வந்தது, தமிழ் தெரியாதவர் எப்படி எண் போட்டார், நாளிதழ் எத்தனை மாதம் வைத்துப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டார்கள் என்று வேலையைக் கேளுங்கள். பதிவேட்டைக் கையில் கொடுத்து, அந்த "ஹடியா" பக்கத்தைத் திறந்து வைத்தே கேளுங்கள். கையெழுத்து யாருடையது என்று அவர் சொல்லிவிடுவார்.

---

லயத்துப்_பிள்ளை எழுதியது:

சரி ஐயா, எண் மட்டும். அப்படியென்றால் படங்களிலும் பெயரை மறைத்துவிட்டுத்தான் பகிர வேண்டும், மூலப் படத்தைத் தனி வட்டில் வைக்கலாம்.

---

ஈயக்கப்பல் எழுதியது:

ஆமாம். அதோடு பள்ளிகளை மறந்துவிட்டோம். தோட்டம் போன பிறகும் "லாடாங்" (தோட்டம்) என்ற பெயரோடு தாமானுக்கு (புதுக் குடியிருப்புக்கு) நடுவில் இடம் மாறிய தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் வள மையத்தில் வாசகசாலைப் புத்தகம் கிடக்க நிறைய வாய்ப்பு. தலைமையாசிரியரிடம் கடிதம் கொடுத்துப் பள்ளி விடுமுறைக்கு முன் பாருங்கள். ஆண்டு இறுதியில்தான் கழிவு எடுப்பார்கள்.

---

அட்டவணைக்காரி எழுதியது:

கழிவு என்றதும் நினைவு வந்தது. புத்தகத்தைக் கழிப்பதும் பதிவேட்டைக் கழிப்பதும் ஒன்றல்ல. புத்தகம் அரசாங்கச் சொத்து, அதைக் கழிக்கத் தனிப் படிவம், குழு, ஒப்புதல் எல்லாம் உண்டு. கழித்த பிறகு யாருக்குக் கொடுப்பது என்பதும் அந்த ஒப்புதலில்தான் முடிவாகும். அதனால் "தூக்கிப் போடும்போது எங்களுக்குக் கொடுங்கள்" என்று வாய்மொழியாகக் கேட்டால் ஊழியரால் கொடுக்க முடியாது. முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிடுங்கள், நூல் எண் பட்டியலோடு. சேர்க்கைப் பதிவேடு பொதுப் பதிவு. 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி காப்பகத்தின் ஒப்புதல் இல்லாமல் அதை அழிக்கக் கூடாது. "பழசு, ஸ்டோரில் இடமில்லை" என்று யாராவது சொன்னால் மரியாதையாக இந்தச் சட்டத்தைச் சொல்லி, அதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் 300 டிபிஐக்குக் குறையாமல் படம் எடுத்துவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் போதாது, மூலப் படங்களை டிஃப் வடிவில் இரண்டு இடத்தில் வையுங்கள்.

தொகுப்பு அச்சானால் தேசிய நூலகத்திடம் ஐஎஸ்பிஎன் வாங்கி, 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படி அனுப்ப வேண்டும். அச்சுக் கணக்குப் போடும்போதே அந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பில் பழைய ஊர்ப் பெயர், புதிய ஊர்ப் பெயர் இரண்டும் இருந்தால் எந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் கிடைக்கும்.

---

செம்பனைச்சாலை எழுதியது:

குறித்துக்கொண்டேன். பதிவேட்டைப் பார்க்க அனுமதிக் கடிதம் திங்கள்கிழமை போகிறது. தேதிப் பத்தியை முதலில் பார்க்கிறோம், புத்தகத்தை அப்புறம். தைத்த_கட்டு அண்ணே, பூஞ்சைப் புத்தகங்களைப் பைக்குள் போட்டே கொண்டு வரலாமா, இல்லை அங்கேயே காய வைக்க வேண்டுமா?

---

தைத்த_கட்டு எழுதியது:

அங்கேயே. ஈரத்தோடு பையில் மூடினால் ஒரே ராத்திரியில் இரட்டிப்பாகும். இடமில்லையென்றால் காகித உறையில் தளர்வாகச் சுற்றி, அட்டைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து அன்றைக்கே கொண்டு வந்துவிடுங்கள். மினுமினுப்புத் தாள் புத்தகம் நனைந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு: காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரியாது. அதை ஈரமாகவே பையில் போட்டு உறைபெட்டிக்கு அனுப்பிவிட்டு எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.